மனு நேரம்

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி
ஏற்காட்டில் வந்து குடியேறியபோது
சாவிக்கொத்தைக் கீழேயே விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
சேலம் சிறையில், பெண்கள் பகுதியில்,
இருபத்தொன்பது வருஷம் வார்டர்.
இப்போது பதினான்கு வீட்டு முதியோர் காலனியில்
ஆறாம் எண் வீடு, நான், ஒரு நாய்.

நாய்க்குப் பெயர் ஜாமீன்.
ஒரு வேடிக்கைக்கு வைத்தது.
மூடுபனியில் டார்ச் அடித்துக்கொண்டு
"ஜாமீன்! ஜாமீன்!" என்று
காப்பித் தோட்டத்து ஓரமெல்லாம் கத்தித் திரிந்தபோது
வேடிக்கை திரும்பி என்னையே கடித்தது.

சங்கச் செயலாளர் சகாயநாதன்
கடிதத்தை நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தார்.
சரிவுப் பாதை. பாதிப் பேருக்கு முட்டி மாற்றியது,
மீதிப் பேருக்கு மாற்ற வேண்டியது.
ஓடிவரும் நாய் உரசினால் போதும்,
ஒரு இடுப்பு, ஒரு ஆம்புலன்ஸ், மறுபடி இருபது வளைவு.
போதாததற்கு விடியலில் காட்டெருமை இறங்குகிறது;
இது போய்க் குரைத்தால் அது யாரைத் துரத்தும்?
முதல் கையெழுத்து
ஒன்பதாம் எண் கனகசபாபதி,
வாக்கர் பிடித்து நடப்பவர், ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளர்.
கையெழுத்து என்றால் அப்படியொரு கையெழுத்து.

நியாயம்தான் என்றேன்.
"சங்கிலியில கட்டிப் போட்டுடுங்களேன்."
அது மட்டும் முடியாது சார்.
கட்டிப்போட்டு எதுவும் சாதுவானதை நான் பார்த்ததில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் கம்பிவலை வாங்கினேன், அஞ்சடி உயரம்.
மினி லாரிக்காரன் வளைவுக்கு இவ்வளவென்று கணக்குச் சொன்னான்.
தோண்டுகிறவள் சுவரை ஒட்டித்தான் தோண்டுவாள்;
வலையின் அடியை ஒரு முழம் உள்பக்கமாக மடித்து
மண்ணுக்குள் படுக்கவைத்தேன், மேலே கருங்கல்.
ஏறுகிறவளுக்குக் கால்வைக்க ஏதாவது வேண்டும்;
வேலியோரத்துப் பூந்தொட்டிகள் நகர்ந்தன, விறகு அடுக்கு நகர்ந்தது.
கேட்டுக்கடியில் நாலு விரல் சந்து. பலகை அடித்தேன்.
கேட்டுக்கு உள்ளே இன்னொரு கேட்:
ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக் கூடாது.
ஜாமீன் முழுநேரமும் பக்கத்தில் உட்கார்ந்து
வேலையை மேற்பார்வை பார்த்தது.

நாலாம் நாள் காணோம்.
வலை கிழியவில்லை. மண் கலையவில்லை.
இரண்டு கேட்டும் ஒழுங்காகச் சாத்தியிருந்தன.
அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.
தானாகத் தப்பியவள் எவளும்
போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனதில்லை.
வெளியே ஒரு கை இருக்கிறது.

மறுநாள் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு
சமையலறை ஜன்னலோரம் நின்றேன்.
மூன்றே முக்கால்.
முதலில் வாக்கரின் ரப்பர் கால் கேட்டது.
கனகசபாபதி.
வெளிக் கொண்டியைத் தூக்கினார், நுழைந்தார், சாத்தினார்,
பிறகு உள்கொண்டி. விதிமுறை இம்மி பிசகவில்லை.
சட்டைப் பையிலிருந்து பிஸ்கட்.
இருவரும் பாதையில் இறங்கினார்கள்.
காலனி முழுக்க ஓடித் திரிந்த அந்த நாய்
வாக்கர் ஒரு அடி வைத்தால் ஒரு அடி வைத்தது,
நின்றால் நின்றது,
அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை
சில்வர் ஓக் மரத்தை ஏதோ ஆராய்வதுபோல் மோந்துகொண்டிருந்தது.
திரும்பும் ஏற்றத்தில்தான் இவரால் முடியாது.
கொண்டுவந்து விடமாட்டார். பிறகு அது அதன் இஷ்டம்.

பின்னாலேயே போய்ப் பிடித்தேன்.
"புகார் எழுதினது நீங்கதானே சார்?"
கொஞ்சம் யோசித்தார்.
"அது நாயைப் பத்தி. இது ஜாமீன்."

ரிப்போர்ட் எழுதவில்லை. வெளிக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன்.
உட்கார்ந்தால் அவர் கைக்கு எட்டும் உயரத்தில்
வலையில் ஒரு சதுரம் வெட்டி, முனைகளை மடக்கித் தட்டி,
வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன்.
உள்ளே இருப்பவரைப் பார்க்க வருவதை
நாங்கள் மனு என்போம். அரைமணி நேரம்.
காட்டெருமை தெரிந்தால் ரத்து.

பழைய பழக்கம், நோட்டில் எழுதிவைக்கிறேன்:
மாலை நாலு. மனு ஒன்று.
கொண்டுவந்த பொருள் பிஸ்கட் இரண்டு.
சோதனை போடுவதற்குள் ஒன்றை
மனுதாரரே தின்றுவிட்டார்.